வரி ஒன்று, பங்கு எங்கே?

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் பழைய கதை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தமிழகத்தைவிட விற்பனை வரி குறைவு என்பதற்காகவே புதுச்சேரிக்கு வந்த தொழில்கள் பல. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. கோரிமேடு எல்லையின் இரு பக்கமும் லாரியில் ஏறும் சரக்குக்கு ஒரே வரி என்றாயிற்று. பெட்ரோல், டீசல், மது போன்றவை அதற்கு வெளியே நின்றன. இன்றும் தமிழகப் பதிவெண் வண்டிகள் எல்லைப் பங்க்குகளில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்புகின்றன.

வரியைக் குறைத்து அண்டை மாநில முதலீட்டை இழுக்கும் போட்டியை நாம் ஆதரிக்கவில்லை. கடைசியில் எல்லா அரசுகளின் கஜானாவும்தான் அதில் காயும். 2021 அக்டோபரில் 136 நாடுகள், பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்று ஒப்புக்கொண்டதும் இந்தக் கவலையால்தான். 2025 ஜனவரியில் அந்த உடன்பாடு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்கா அறிவித்துவிட்டது. வல்லரசுக்கு அப்படி விலக முடிகிறது, புதுச்சேரிக்கு ஜிஎஸ்டியிலிருந்து அப்படி விலக முடியாது.

ஜிஎஸ்டி இழப்பீடு 2022 ஜூனோடு நின்றுபோனது. நிதிக்குழு பரிந்துரைக்கும் வரிப்பகிர்வோ மாநிலங்களுக்கு மட்டும்தான். சட்டமன்றம் இருந்தும் நமக்கு அதில் இடமில்லை. ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலங்களுக்கு நிகராக உட்காரவைத்துவிட்டு, பங்கு பிரிக்கும்போது யூனியன் பிரதேசம் என்று ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்? தன் வரி உரிமையை விட்டுக்கொடுத்த புதுச்சேரியை நிதிக்குழு வரம்புக்குள் கொண்டுவர மத்திய அரசு இனியும் தாமதிக்கக் கூடாது.