சீடி இரைகிறதா?

மௌத்தான வாப்பாவின் குரலைப் பதிந்த சீடியைக் கணினியில் போட்டால் இரைந்து அதிர்கிறதா? கருவியைத் திருத்தக் கொடுக்க முன், கடையில் வாங்கிய பாட்டுச் சீடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது அமைதியாக ஓடினால் குறை உங்கள் சீடியில்தான். பெரும்பாலும் மேலே ஒட்டிய கடதாசி லேபல்தான் வினை. அது சற்றுச் சரிந்திருந்தாலே பாரம் சமனிழக்கும். 48 மடங்கு வேகக் கருவியிலோ சீடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 தடவை வரை சுழலும்!

அதற்காக லேபலை உரித்துவிடாதீர்கள். குரல் பதிந்திருப்பது லேபலுக்கு நேர் கீழேயுள்ள மெல்லிய படலத்தில். அதுவும் சேர்ந்தே உரிந்து வரும். பாட்டுக் கேட்கும் சாதாரண சீடி செட்டில் சுழற்சி சுமார் 500ஐத் தாண்டாது. அதில் ஓடவிட்டு, கைப்பேசியிலாவது இன்றே பதிந்துகொள்ளுங்கள்.