கிரெக் பொப்பொவிச்: ஒரு பயிற்றுநரை எங்ஙனம் மதிப்பிடுவது?

நெடுங்காலம் ஒரே பதவியில் இருந்தவர் விலகும்போது நாம் முதலிற் செய்வது கணக்கெடுத்தலாகும். எத்தனை ஆண்டு, எத்தனை வெற்றி, எத்தனை விருது என்று எண்ணி முடித்ததும் அம்மனிதரை மதிப்பிட்டுவிட்டதாக நிறைவு கொள்கின்றோம். பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு மட்டும் ஓர் ஆசிரியரை அளப்பதன் குறைபாட்டை ஆசிரியத் தொழிலில் இருப்போர் நன்கறிவர். அவர்கள் அறிந்த அதே சிக்கல், வெற்றி தோல்வியே உயிர்நாடியான விளையாட்டுத் துறையிலும் எழுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள சான் அன்ரோனியோ நகரின் ஸ்பேர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்த கிரெக் பொப்பொவிச், 2024 நவம்பர் மாதத்திற் பாரிசவாதத்தால் தாக்குண்டார். 2025 மே 2ஆந் திகதி அப்பதவியிலிருந்து விலகினார். 1996ஆம் ஆண்டு முதல் 29 பருவங்கள் அவர் அப்பதவியை வகித்தார். பருவகாலப் போட்டிகளில் 1,422 வெற்றிகள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் வேறெந்தப் பயிற்றுநரும் எட்டாத தொகை இது. 1999, 2003, 2005, 2007, 2014 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அவருடைய அணி சம்பியன் பட்டம் பெற்றது. 1998 முதல் 2019 வரை தொடர்ச்சியாக 22 ஆண்டுகள் அவ்வணி பருவத்தின் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதிபெற்றது.

இவ்வெண்களைக் கண்டதும் அவரை ஒப்பற்றவர் என்போர் பலர். மறுசாரார் கூறுவதோ வேறு. பட்டங்களை எண்ணினால் பில் ஜாக்சன் 11, ரெட் அவர்பாக் 9 என்று முன்னிற்கின்றனர். பொப்பொவிச்சின் ஐந்து பட்டங்களும் ரிம் டங்கன் என்ற மாபெரும் வீரர் ஆடிய காலத்தில் வந்தவை. அவ்வீரர் இல்லையேல் பயிற்றுநரும் இல்லை என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதனை ஆராய வேண்டுமாயின், அவர் எவ்வாறு பதவிக்கு வந்தார் என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

1996ஆம் ஆண்டில் பொப்பொவிச் ஸ்பேர்ஸ் அணியின் பொது முகாமையாளராக இருந்தார். பயிற்றுநர் பொப் ஹில். முந்திய இரு பருவங்களில் முறையே 62, 59 வெற்றிகளை ஈட்டிக் கொடுத்தவர் அவர். அணியின் தூணாகிய டேவிட் றொபின்சன் காயமுற்றிருக்க, புதிய பருவத்தின் முதல் 18 போட்டிகளில் மூன்றில் மட்டுமே அணி வென்றது. பொப்பொவிச் ஹில்லைப் பதவி நீக்கி, தாமே அவ்விடத்தில் அமர்ந்தார். அதன் பின்னரும் நிலைமை சீரடையவில்லை. மீண்டு வந்த றொபின்சன் ஆறு போட்டிகளோடு மறுபடியும் காயமுற்று விலக, அணி 20 வெற்றி, 62 தோல்வி என்ற கணக்கோடு பருவத்தை முடித்தது.

ஆனால் அத்தோல்வியே பெரும் பேறாக மாறியது. நலிந்த அணிகளுக்குச் சிறந்த புதுமுக வீரர் கிடைக்க வேண்டும் என்பதற்காக, முதல் தெரிவுரிமையைச் சீட்டுக் குலுக்கி வழங்குவது அங்குள்ள வழக்கம். 1997இல் ஸ்பேர்ஸைவிடக் கூடிய வாய்ப்பு பொஸ்ரன் அணிக்கே இருந்தது. எனினும் சீட்டு ஸ்பேர்ஸுக்கு விழுந்தது; டங்கன் வந்தார். ஆகவே பொப்பொவிச்சின் வாழ்வில் அதிர்ட்டத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

அடுத்தபடியாக, அவருக்குக் கிடைத்த அவகாசத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1999ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்கத்தில் ஸ்பேர்ஸ் 6 வெற்றி, 8 தோல்வி என்ற நிலையில் நின்றபோது, அவருடைய பதவி நிலைக்குமா என்ற பேச்சு எழுந்தது. பதவி நிலைத்தது, அவ்வாண்டே முதற் பட்டமும் கிட்டியது. ஹில்லுக்கு மறுக்கப்பட்ட பொறுமை அவருக்கு வழங்கப்பட்டது. இந்த வேற்றுமையை நாம் மீண்டும் நினைவுகூர வேண்டி வரும்.

சீட்டிலே கிடைத்த செல்வத்தை அவர் எங்ஙனம் ஆண்டார்? இங்கேதான் அவருக்கே உரிய பங்கு தொடங்குகின்றது. உயர்ந்த திறமையுள்ள வீரரைப் பெற்ற பயிற்றுநர் பலர், அவர் மனம் கோணாதிருக்க வேண்டுமென்று பணிந்து நடப்பதே வழக்கம். பொப்பொவிச்சோ கடைநிலை வீரரைக் கடிந்துகொள்வது போலவே டங்கனையும் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். டங்கன் அதனை ஏற்றுக்கொண்டார். முதல்வனே கண்டிப்புக்கு உட்படும்போது ஏனையோர் முறைப்பட இடமில்லை. இப்பெருமையில் ஆசானுக்குப் பாதி, மாணவனுக்குப் பாதி. ஆசானையும் மாணவனையும் தனித்தனியே நிறுத்தி எடைபோட முனைவோர், கற்பித்தல் இருவர் சேர்ந்து செய்யும் தொழில் என்பதை மறந்துவிடுகின்றனர்.

அன்றியும், சீட்டால் வராத செல்வமும் அங்கிருந்தது. ஆர்ஜென்ரீனாவின் மானு ஜினோபிலி 1999ஆம் ஆண்டுத் தெரிவில் 57ஆவதாக எடுக்கப்பட்டவர். பிரான்சில் வளர்ந்த ரொனி பார்க்கர் 2001இல் 28ஆவதாக எடுக்கப்பட்டவர். பிற அணிகள் கடந்து சென்ற இவ்விருவரும் டங்கனோடு சேர்ந்து நான்கு பட்டங்கள் வென்றனர். வெளிநாட்டு வீரரை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. அவ்வீரர்களைத் தேடிக் கண்ட பெருமை முகாமைக் குழுவினர் பலருக்கும் உரியது. கண்டெடுத்தவர்களை நம்பி ஆடவிட்ட பெருமை பொப்பொவிச்சினுடையது.

அவருடைய பண்பை அறிய வெற்றியைவிடத் தோல்வியே ஏற்ற உரைகல். 2013ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஆறாவது போட்டியில், மயாமி அணிக்கெதிராக ஸ்பேர்ஸ் பட்டத்தைத் தொட்டுவிடும் நிலையில் இருந்தது. 28 வினாடிகளே எஞ்சியிருக்க, ஐந்து புள்ளிகள் முன்னிலை. அவ்வேளையில் எதிரணியின் தூர எறிகளைத் தடுக்கும் பொருட்டுப் பொப்பொவிச் டங்கனை வெளியே அமர்த்தினார். குறிதவறித் தெறித்த பந்தைக் கைப்பற்ற அந்த நெடியவர் களத்தில் இல்லை. பந்து ரே அலனின் கைக்குச் சென்றது, 5.2 வினாடிகள் எஞ்சியிருந்தபோது அவர் எறிந்த எறி ஆட்டத்தைச் சமன்செய்தது. மேலதிக நேரத்தில் அந்தப் போட்டியும், அடுத்த போட்டியிற் பட்டமும் கைநழுவின. பயிற்றுநரின் முடிவு தவறா என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அன்றிரவு நிகழ்ந்தது அவ்விவாதத்தினும் கருதத்தக்கது. வெற்றி விருந்துக்கென ஒழுங்கு செய்திருந்த உணவகத்துக்கு, தோற்ற வீரர்களையே அவர் வரச்செய்தார். மேசை மேசையாகச் சென்று ஒவ்வொருவரோடும் உரையாடினார். அடுத்த ஆண்டு அதே வீரர்களே பெரும்பாலும் அணியில் இருந்தனர். அந்தப் பருவத்தில் ஒரு வீரர்கூடச் சராசரியாக ஆட்டமொன்றுக்கு 30 நிமிடங்கள் ஆடவில்லை. சுமை எல்லோருக்கும் பகிரப்பட்டது. 62 போட்டிகளில் வென்ற அவ்வணி, இறுதித் தொடரில் அதே மயாமியை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தியது. அவ்விறுதித் தொடருக்கு முன்னர் ஒரு நாள், ஆட்ட நுணுக்கங்களைத் திரையிற் பார்க்கக் கூடிய வீரர்களுக்கு அவர் எடி மாபோவைப் பற்றி எடுத்துரைத்தார். அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் நிலவுரிமையை 1992இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏற்கச் செய்தவர் மாபோ. அவருடைய உறவினரான பாற்றி மில்ஸ் அவ்வணியிலே ஆடிக்கொண்டிருந்தார். பட்டத்துக்குப் போராடும் வேளையில் ஒரு வீரரின் மக்கள் வரலாற்றுக்கு நேரம் ஒதுக்கிய பயிற்றுநர், பந்தாட்டத்தை மட்டும் கற்பித்தவர் ஆகார்.

இனி, டங்கன் 2016இல் ஓய்வு பெற்றபின் நிகழ்ந்தவற்றைக் காண்போம். அடுத்த பருவத்தில் ஸ்பேர்ஸ் 61 வெற்றிகள் பெற்றது. அதற்கடுத்த பருவத்தில் தலைசிறந்த வீரரான கவாய் லெனர்ட் காயத்தால் ஒன்பது போட்டிகளே ஆடினார். எனினும் 47 வெற்றிகள் கிட்டின. டங்கன் இல்லையேல் பொப்பொவிச் இல்லை என்ற வாதம் இவ்விடத்தில் தளர்ந்துபோகின்றது. ஆயினும் அதே லெனர்ட் அணி மீது நம்பிக்கை இழந்தார். 2018இல் ரொரன்ரோவுக்கு மாற்றப்பட்டு, மறு ஆண்டே அங்கு பட்டம் வென்றார். கண்டிப்பையும் குடும்ப உணர்வையும் கலந்த முறை, அதனை ஏற்க மனமுள்ளவரிடத்திலேதான் பலித்தது.

அதன்பின் வந்த ஆண்டுகள் இறக்க காலம். 2020 முதல் அவர் விலகும் வரை, ஆறு பருவங்களில் ஒன்றிலேனும் ஸ்பேர்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதிபெறவில்லை. 2022-23, 2023-24 ஆகிய இரு பருவங்களிலும் 22 வெற்றிகள், 60 தோல்விகள். இளம் வீரர்களைக் கொண்டு அணியைப் புதிதாகக் கட்டிய காலமென்று இதற்கு விளக்கம் கூறலாம். விக்ரர் வெம்பன்யாமா என்ற பிரெஞ்சு இளைஞர் 2023இல் கிடைத்ததும் அவ்வழியிலேதான். எனினும் மூன்றே வெற்றிகளைக் காரணம் காட்டிப் பொப் ஹில்லை நீக்கியவரே, ஆறு ஆண்டுகளின் தோல்விகளைத் தாண்டியும் பதவியில் அமர்ந்திருந்தார் என்பதை நடுநிலையாளர் மறைத்தலாகாது. அணியின் நிர்வாகத் தலைமையும் அவர் கையிலேயே இருந்தது. தாம் பெற்ற பொறுமையைத் தமக்கு முன்னவருக்கு அவர் வழங்கவில்லை. அவர் வாழ்வுக் கணக்கில் தீராத கடன் இது.

கடனைக் கழித்தபின் எஞ்சுவது என்ன? அவரிடம் ஆடிய ஸ்டீவ் கேர் கோல்டன் ஸ்டேட் அணியின் பயிற்றுநராக நான்கு பட்டங்கள் வென்றார். உதவிப் பயிற்றுநராக இருந்த மைக் பூடன்ஹோல்சர் 2021இல் மில்வோக்கிக்குப் பட்டம் ஈட்டினார். ஆடவர் அணிகளின் பயிற்சிக் குழுக்களிற் பெண்களுக்கு இடமில்லாதிருந்த நாளில், 2014இல் பெக்கி ஹமனை அவர் முழுநேர உதவிப் பயிற்றுநராக நியமித்தார். பின்னர் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் லாஸ் வேகாஸ் அணியை 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளிற் பட்டம் பெறச் செய்தவர் ஹமனே. இவ்வெற்றிகள் எவையும் அந்த 1,422இல் அடங்கா. கணக்கெடுப்போரின் ஏட்டுக்கு வெளியே நிற்கும் இவைதாம் அவருடைய பணியின் உறுதியான சான்றுகள் என்பது எமது துணிபு.

எனவே பொப்பொவிச் பெரிய ஆசான் என்று கூறத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தனியொருவராய்ப் பெரியவரானார் என்று கூறுதல் தவறு. சீட்டு விழுந்தது, சிறந்த மாணவன் கீழ்ப்படிந்தான், தொடக்கத்திற் தடுமாறிய வேளையில் நிறுவனம் காத்திருந்தது. அந்தக் காத்திருப்புக் கிட்டாமையால் பெயரின்றி மறைந்த நல்ல பயிற்றுநர் எத்தனை பேரோ! புகழ்பெற்ற ஆசிரியரைப் போற்றி விழா எடுக்கும் நாம், மூன்று வெற்றியோடு தடுமாறி நிற்கும் இன்னொருவருக்கு எத்துணை அவகாசம் கொடுக்கின்றோம் என்பதையும் அன்றைக்கே எண்ணிப் பார்ப்போமாக.