மண்ணில் எதை ஏற்றுகிறோம்?



2025 ஜூன் 6 அன்று காஷ்மீரில் செனாப் ரயில் பாலத்தைத் திறந்தார்கள். ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம். எல்லோரும் பாலத்தைப் பார்த்தார்கள். நான் அதன் அடிவாரத்தைப் பற்றி வந்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ஜி. மாதவி லதா, அந்தப் பாலம் உட்காரும் மலைச்சரிவுகளோடு 17 வருடம் இருந்திருக்கிறார். சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். மண்ணும் பாறையும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று படிக்கிற ஜியோடெக்னிகல் துறை அவருடையது.

அங்கே தோண்டத் தோண்ட, முதல் அறிக்கையில் இல்லாத வெடிப்பும் பொந்தும் பாறைக்குள் இருந்தன. பார்த்ததற்கு ஏற்ப வடிவமைப்பை அவ்வப்போது மாற்றிக்கொண்டே போனார்கள். பாரம் ஏற்றுவதற்கு முன் அடியைப் பார், பார்த்ததை நம்பு, திட்டத்தை மாற்று. அவ்வளவுதான் அந்த 17 வருடப் பாடம்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் எத்தனையோ கடன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பட்டா பார்ப்பேன், வில்லங்கம் பார்ப்பேன், ஜாமீன் கையெழுத்து பார்ப்பேன். அந்த வண்டி எத்தனை டன், அது இறங்கப்போகிற கழனி தாங்குமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க அந்தப் படிவத்தில் கட்டமும் இல்லை.

அதற்கான பலன் என் சொந்த நிலத்திலேயே கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு சேதராப்பட்டில் இரண்டு காணி வாங்கி இயற்கை விவசாயம் தொடங்கினேன். மூன்றாம் வருடம் சம்பா அறுப்புக்கு டயர் வண்டியை விட்டேன். சேறு வற்றி, கால் வைத்தால் தடம் பதிகிற ஈரம். அடுத்து உளுந்து போட்டேன். வண்டி ஓடிய தடத்தில் மட்டும் செடி முழங்காலுக்குக்கூட வரவில்லை. ஜீவாமிர்தத்தை இரட்டிப்பாக விட்டேன், பஞ்சகவ்யம் தெளித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கழனிப் பெரியவர் வந்து கடப்பாரையால் இரண்டு குத்து குத்தினார். “சார், மேல ஊத்தி என்னா பண்றது? கீழ ரோடு போட்டு வச்சிருக்கீங்களே!” என்றார்.

அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை என்று பிறகுதான் புரிந்தது. எங்கள் தொழிற்பேட்டைப் பக்கம் ரோடு போடுவதைப் பாருங்கள். முதலில் தண்ணி லாரி வந்து மண்ணை நனைக்கும். பிறகுதான் ரோலர் வரும். காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று உரசி எதிர்த்து நிற்கும். அளவான ஈரம் இருந்தால் வழுக்கி நெருங்கி, நடுவில் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். ஈரம் மிகுந்தால் தண்ணீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்த ஈரத்தில் மண் அதிகபட்சம் இறுகும் என்று கண்டுபிடிக்கும் சோதனையை 1933இல் அமெரிக்காவில் அணை கட்டிய பொறியாளர் ப்ராக்டர் எழுதிவைத்தார். இன்றும் உலகம் முழுக்க ரோடும் அணையும் போடுவது அந்தக் கணக்கில்தான். நானும் கிட்டத்தட்ட அதே ஈரத்தில்தான் வண்டியை இறக்கியிருக்கிறேன். பொறியாளருக்குக் காற்று போனால் வெற்றி. நமக்கோ அந்தக் காற்றில்தான் வேரும் மண்புழுவும் உயிர் வாழ்கின்றன.

என் கருத்து இதுதான். நம் கூட்டங்களில் மண்ணில் எதை ஊற்றலாம் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். எதை ஏற்றுகிறோம் என்று பேசுவதே இல்லை. உப்பு உரம் போடாததால் மட்டும் மண் பிழைத்துவிடாது. இறுகிய மண்ணுக்கு இயற்கை விவசாயி, ரசாயன விவசாயி என்ற பேதம் தெரியாது.

“ஆளே கிடைக்கல, மழை வேற மிரட்டுது, மெஷினை விடாம என்ன செய்ய?” என்பீர்கள். நியாயம்தான். நானும் இன்றைக்கு மெஷின்தான் விடுகிறேன். ஆனால் விடும் நாளை மண்ணிடம் கேட்டு முடிவு செய்கிறேன். அதற்கு ஒரு சோதனை உண்டு. அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, உள்ளங்கையில் திரியாக உருட்டுங்கள். ஈர்க்குச்சியைவிடச் சற்றுத் தடிமன், 3 மில்லிமீட்டர் அளவுக்கு உடையாமல் வந்தால் ஈரம் அதிகம், வண்டியோ ஏரோ இறங்கக் கூடாது. உதிர்ந்தால் ஆபத்து குறைவு. மணல் நிலத்தில் திரி வராது. களி கலந்த மண்ணுக்கு இது போதும்.

இந்தச் சோதனையைப் பொறியாளர்கள் இன்றும் ஆய்வகத்தில் செய்கிறார்கள். இதன் மூலம் ஸ்வீடனைச் சேர்ந்த அட்டர்பர்க் 1911இல் எழுதியது. அவர் விவசாய மண்ணை ஆராய்ந்த வேதியியலாளர். நம் வீட்டுப் பொருள்தான், எடுத்துக்கொண்டு போனவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாம் மறந்துவிட்டோம்.

நெல்லுக்குச் சேற்றுழவு ஓட்டி அடியை இறுக்குவது தண்ணீர் நிற்பதற்காக, அது வேறு. பின்னால் உளுந்தோ மல்லாட்டையோ போடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அறுப்புக்குப் பத்து பதினைந்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். ஈரம் இருந்தால் டயர் வண்டியைத் தவிர்த்து செயின் வண்டி கேளுங்கள், பாரம் பரவும். நெல் ஏற்றும் டிரெய்லர் வரப்போரமே நிற்கட்டும். உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் எல்லா வருடமும் ஒரே தடத்தில் போகட்டும். கெட்டுப்போனால் அந்தத் தடம் மட்டும் கெடட்டும்.

என் கழனியில் அந்தத் தடத்தை இரண்டு வருடமாகச் சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுது வருகிறேன். போன மாதம் இரண்டு அடி குழி வெட்டிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் இன்னும் ஒரு இறுகிய படலம். ஆனால் நாலைந்து வேர் அதைத் துளைத்துக் கீழே இறங்கியிருந்தது. கடன் அடைய இன்னும் சில வருடம் ஆகும் போல. வங்கிக்காரனுக்கு அந்தக் கணக்கு புரியும்.

அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் முன், உங்கள் கழனியிலும் ஒரு குழி வெட்டிப் பாருங்கள்.