வினா யாருடையது? விடுமுறை ஆய்வும் பெற்றோரின் கையும்

ஜப்பானில் ஜூலை மாதம் பிறந்துவிட்டால் புத்தகக் கடைகளின் முன்வரிசையில் ஒருவகை நூல்கள் வந்து நிறைந்துவிடும். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ்ந்து செய்யக்கூடிய விடுமுறை ஆய்வுகள் என்பதே அவற்றின் முகப்பு அறிவிப்புகளின் சாரம். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்ற உறுதிமொழியும் பலவற்றில் உண்டு. சேர்ந்து செய்வதிலும் மகிழ்வதிலும் எவருக்கு என்ன ஆட்சேபனை இருக்க முடியும் என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கு ஆட்சேபனை உண்டு. "சேர்ந்து" என்ற அந்தச் சொல்லுக்குள் இரண்டு முற்றிலும் வேறான காரியங்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஒன்று பிள்ளைக்குத் துணை நிற்பது. மற்றது பிள்ளையின் இடத்தில் தாமே அமர்ந்துகொள்வது. முன்னையது கல்வி, பின்னையது மோசடி. மோசடி என்பது கடுமையான சொல்தான். தெரிந்தே அதனைப் பயன்படுத்துகின்றேன்.

முதலில் விடயத்தைச் சொல்லிவிடுகின்றேன். ஜப்பானின் பெரும்பாலான பகுதிகளில் ஜூலைப் பிற்பகுதி தொடங்கி ஓகஸ்ட் இறுதி வரை ஏறத்தாழ 40 நாட்கள் கோடை விடுமுறை. அந்த விடுமுறைக்கான வீட்டுவேலைகளுள் ஒன்று "ஜியூ கென்க்யூ". அதாவது சுதந்திர ஆய்வு. மாணவன் தானே ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, தானே அவதானித்து, அல்லது பரிசோதித்து, கண்டதை எழுதிப் பாடசாலைக்குக் கொண்டுவர வேண்டும். எறும்புப் புற்றாக இருக்கலாம், ஊரின் பழைய பாலமாக இருக்கலாம், வீட்டுச் சமையலறையாக இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் தன் கல்வியைப் புதிதாகக் கட்டியெழுப்ப முனைந்தபோது, 1947 ஆம் ஆண்டின் கலைத்திட்டத்தில் தொடக்கப் பாடசாலையின் நான்காம் வகுப்பிலிருந்து சுதந்திர ஆய்வு ஒரு பாடமாகவே சேர்க்கப்பட்டது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வளர்ந்த ஒரு தலைமுறை நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைக் கண்ட பின்னர், பிள்ளைக்குத் தன் விருப்பப்படி தேடிக் கற்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1951 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பாடம் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் பெயர் மறையவில்லை. விடுமுறை வேலையாக அது இன்றுவரை உயிரோடு இருக்கின்றது.

பெயரில் சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரம் எப்படிக் கைமாறியது என்பதுதான் கதை.

முதலில் வந்தன ஆய்வுப் பெட்டிகள். தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு, ஒப்படைக்க வேண்டிய அறிக்கையின் மாதிரி எல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடைக்கும். முடிவு பெட்டிக்குள்ளேயே அச்சிடப்பட்டிருக்கும்போது பிள்ளை எதைத் தேட வேண்டும்? அடுத்து, முடித்த ஆய்வுகளே விற்பனைக்கு வந்தன. இணையத்தில் பாவித்த பொருட்களை விற்கும் சந்தைகளில் விடுமுறை வேலைகள் பகிரங்கமாக விலைபோனதால், 2018 ஓகஸ்டில் ஜப்பானியக் கல்வியமைச்சு அத்தகைய சந்தைகளை நடத்தும் மூன்று நிறுவனங்களுடன் பேசி அவ்விற்பனையைத் தடுக்க வேண்டியதாயிற்று. இப்போது செயற்கை நுண்ணறிவின் காலம். 2023 ஜூலையில் அதே அமைச்சு பாடசாலைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டலில், இயந்திரம் எழுதித் தந்ததைத் தன் ஆக்கமாக ஒப்படைப்பது தகாது என்பதை மாணவருக்கு உணர்த்துமாறு கூறியது. கோடை விடுமுறை தொடங்குவதற்குச் சற்று முன்னர் அது வெளிவந்தது என்பதைக் கவனியுங்கள்.

பெட்டி, சந்தை, இயந்திரம் ஆகிய இம்மூன்றுக்கும் முன்னரே நான்காவதான ஒன்று இருந்தது. அதற்கு எந்த அமைச்சும் வழிகாட்டல் வெளியிடவில்லை. அதுதான் ஓகஸ்ட் கடைசி வாரத்து இரவுகளில் மேசையருகே அமர்ந்து பிள்ளைக்காக எழுதும் பெற்றோரின் கை. கடையில் வாங்குவது பிழை என்று கருதும் பெற்றோர், தாமே எழுதிக் கொடுப்பதைப் பாசம் என்று கருதுகின்றார்கள். பிள்ளையின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். தன்னால் முடியாது, வேறொருவர் செய்ததைத் தன் பெயரில் கொடுக்கலாம், பெரியவர்கள் அதனை ஏற்றுக்கொள்வார்கள் என்ற மூன்று பாடங்களையும் அப்பிள்ளை அன்றிரவே கற்றுக்கொள்கின்றது. இன்னொருவர் எழுதியதைத் தன் பெயரில் வெளியிடுவதைப் பத்திரிகைத் தொழிலில் நாங்கள் என்னவென்று அழைக்கின்றோமோ, அதனைப் பத்து வயதுப் பிள்ளையின் விடயத்தில் மட்டும் ஏன் வேறு பெயரால் அழைக்க வேண்டும்?

இந்த ஆய்வுகளை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று வாதிடுவோர் ஜப்பானில் இருக்கின்றார்கள். அவர்களின் வாதத்தை நான் இலேசாகத் தட்டிவிட மாட்டேன். தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீட்டில் இது மேலதிகச் சுமை. படித்த பெற்றோரின் பிள்ளை வண்ணப்படங்களும் வரைபடங்களும் நிறைந்த அறிக்கையுடன் வரும். மற்றப் பிள்ளை இரண்டு தாள்களுடன் வந்து தலைகுனியும். செப்டம்பரில் வகுப்பறைச் சுவரில் தொங்குவது பிள்ளைகளின் ஆய்வன்று, குடும்பங்களின் வசதி என்கிறார்கள். உண்மைதான். பல பாடசாலைகள் இதனை விரும்பியோர் மட்டும் செய்யலாம் என்று மாற்றியும் விட்டன.

ஆயினும் ஒழித்தால் இழப்பு யாருக்கு? படித்த பெற்றோரின் பிள்ளை பாடசாலை சொல்லாவிட்டாலும் நூதனசாலைக்குப் போகும், நூலகத்துக்குப் போகும். பாடசாலை கேட்டால்தான் வினா எழுப்பும் வாய்ப்பைப் பெறும் பிள்ளை மற்றப் பிள்ளைதான். ஏற்றத்தாழ்வின் பெயரால் அந்த ஒரேயொரு வாய்ப்பையும் பறிப்பது எவ்வகை நீதி? சுவரில் தொங்குவதன் அழகுக்குப் புள்ளி கொடுப்பதை நிறுத்துங்கள். அதுவே முதல் மருந்து.

ஒரு பிள்ளையின் சொந்த வினா எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இரண்டு சான்றுகளைத் தருகின்றேன். சைத்தாமா மாகாணத்துத் தொடக்கப் பாடசாலை மாணவன் ஒருவன், தன் வீட்டில் நின்ற மரமொன்றில் "கபுத்தோமுஷி" வண்டுகள் பகலிலும் தங்கியிருப்பதைக் கண்டான். நமது தென்னந்தோப்புகளில் நாம் பகையாகக் காணும் காண்டாமிருக வண்டின் உறவினம் அது. அது இரவில் நடமாடும் பூச்சி என்றே நூல்கள் கூறிவந்தன. அவனோ நூலைவிடத் தன் கண்ணை நம்பினான். 2019, 2020 ஆம் ஆண்டுக் கோடைகளில் வண்டுகளை விடாது எண்ணிக் குறித்துவைத்தான். யமகுச்சி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவருடன் தொடர்புகொண்டான். பிற நாட்டிலிருந்து வந்து தோட்டமரமாகிவிட்ட அந்த மரவகை வண்டின் நடமாட்ட நேரத்தையே மாற்றுகின்றது என்ற முடிவு, 2021 இல் அமெரிக்கச் சூழலியற் சங்கத்தின் "இக்கோலொஜி" சஞ்சிகையில் வெளிவந்தது.

இரண்டாவது, ஒரு சிறுமியைப் பற்றியது. 2020 இல், நான்காம் வகுப்பில் படித்தபோது, சுக்குபாவிலுள்ள தேசிய இயற்கை அறிவியல் நூதனசாலையின் களஞ்சியத்தில் பாடமிடப்பட்ட ஒரு விலங்கைக் கண்டாள். காட்டுநாய் வகை என்று பதியப்பட்டிருந்த அது, 1905 க்குப் பின்னர் அழிந்துபோனதாகக் கருதப்படும் ஜப்பானிய ஓநாயைப் போல் இருக்கின்றதே என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஓநாயின் பாடமிடப்பட்ட உடல்கள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவள் ஐயத்தை விடவில்லை. பழைய பதிவுகளைத் தேடினாள், தன் விடுமுறை ஆய்வாக எழுதினாள். 2024 பெப்ரவரியில், ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவள் எழுதிய கட்டுரையை அந்த நூதனசாலையின் ஆய்விதழே வெளியிட்டது. அவ்வுடல் ஜப்பானிய ஓநாயாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்பது அதன் முடிவு.

எல்லாப் பிள்ளைகளும் ஆய்விதழில் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இவ்விரண்டிலும் பெரியவர்கள் நின்ற இடத்தைப் பாருங்கள். பிள்ளை கேட்டபின் வந்தார்கள். அளக்கவும், ஒப்பிடவும், எழுதவும் முறை காட்டினார்கள். வினாவை அவர்கள் கொடுக்கவில்லை. "சேர்ந்து" என்ற சொல்லுக்கு நான் ஏற்கும் பொருள் இதுதான்.

இனி நம்மவர் பக்கம் வருகின்றேன். இலங்கையில் நமது பிள்ளைகளுக்கு விடுமுறை என்று ஒன்று இருக்கின்றதா? பாடசாலை மூடும் நாளில் ரியூசன் வகுப்புகளின் விசேட நேரசூசி வந்துவிடுகின்றது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எழுதப்போகும் பிள்ளையிடம் வண்டைப் பார், எறும்பைப் பார் என்று சொல்லும் துணிவு எந்தப் பெற்றோருக்கு இருக்கின்றது? பாடசாலை ஓர் ஒப்படையைக் கொடுத்தால் அது பிள்ளையின் கைக்குப் போவதற்கு முன்னர் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போய்விடுகின்றது. தலைப்பைச் சொன்னால் போதும், படத்துடன் அச்சிட்டுத் தருவார்கள். பிள்ளையின் பங்கு பிறிஸ்டல் அட்டையில் ஒட்டுவது மட்டும். ஆசிரியருக்கும் இது தெரியும், அதிபருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே புள்ளி வழங்கப்படுகின்றது. கடல் கடந்து வாழும் நம்மவர்களும் தங்களை விலக்கிக்கொள்ள வேண்டாம். விஞ்ஞானக் கண்காட்சிக்காகப் பொறியியலாளரான தந்தை இரவிரவாக உழைத்து, மறுநாள் மகனின் பெயரில் பரிசு பெற்ற கதைகளைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

காசில்லை, கருவியில்லை என்ற காரணத்தையும் நான் ஏற்கமாட்டேன். ஜப்பானியப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் மிகப் பிரபலமான ஆய்வு எது தெரியுமா? கறுத்துப்போன பத்து யென் நாணயத்தை வினாகிரியிலும், எலுமிச்சைச் சாற்றிலும், சோயா சோஸிலும் ஊறவைத்து எது பளபளக்கச் செய்கின்றது என்று பார்ப்பதுதான். அந்த நாணயம் பெரும்பகுதி செம்பு. மேலே படிந்த ஒட்சைட்டை அமிலம் கரைக்கின்றது. நமது அப்பாச்சிமார் புளிபோட்டுக் குத்துவிளக்குத் துலக்கும்போது நடப்பதும் ஏறத்தாழ இதுவே. நூலில் உள்ளபடி செய்து முடித்தால் அது வெறும் பயிற்சி. "புளியோடு ஏன் உப்பையும் போடுகிறீர்கள் அப்பாச்சி?" என்று ஒரு பிள்ளை கேட்கும் கணத்தில் ஆய்வு தொடங்குகின்றது. புளி மட்டும், உப்பு மட்டும், இரண்டும் சேர்த்து, தேசிக்காய் மட்டும் என்று நான்கு பழைய செப்புத் துண்டுகளை வைத்துப் பார்த்து, நேரத்தைக் குறித்து ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதட்டும். செலவு என்ன? அடுப்படியில் இருப்பதைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. அப்பாச்சிக்கு இரசாயனவியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவரது கைப்பழக்கமும் பிள்ளையின் கேள்வியும் சந்திக்கும் அந்த அடுப்படியில்தான் உண்மையில் சேர்ந்து மகிழ்தல் இருக்கின்றது.

பெற்றோரிடம் நான் கேட்பது அதிகமில்லை. பிள்ளை கேள்வி கேட்கும்வரை பொறுத்திருங்கள். கேட்டதும் விடையைச் சொல்லிவிடாதீர்கள், எப்படி அறியலாம் என்று திருப்பிக் கேளுங்கள். வெந்நீரும் கத்தியும் வரும் இடத்தில் உங்கள் கை இருக்கட்டும். பேனா பிள்ளையின் கையில் இருக்கட்டும். முடிவு பிழைத்துவிட்டால், எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை மலிந்த, கோணல் மாணலான அந்த இரண்டு பக்கங்களைப் பாடசாலைக்கு அனுப்பும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் குறைவு. அறிக்கையை மூடிவைத்துவிட்டு, பிள்ளையை அருகழைத்து, "இதில் உனக்கு வியப்பாக இருந்தது எது?" என்று இரண்டு நிமிடம் விசாரியுங்கள். யார் செய்தார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்திற்குப் புள்ளி வழங்கத் தொடங்குங்கள். போட்டோக்கொப்பிக் கடைக்காரர் தம் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுவார், தந்தைமாரும் நேரத்துக்கு உறங்கப் போவார்கள்.

வினாக் கேட்பதையே தொழிலாகக் கொண்டு காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கேள்வி கேட்கப் பழகாத பிள்ளை வளர்ந்து, அதிகாரம் சொல்வதை எழுதிக்கொள்ளும் பிரசையாகின்றது. அத்தகைய பிரசைகளால் ஒரு நாடு என்னவாகும் என்பதை இத்தீவில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளை ஏதாவது ஒன்றைச் சுட்டி "ஏன்?" என்று கேட்டால், அருள்கூர்ந்து ஒருநாள் ரியூசனை நிறுத்திவையுங்கள்.