மாத்திரை விழுங்க வெட்கமா?

எய்ட்ஸ் வியாதிக்கு மருந்தே இல்லை என்று சொல்லி வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் மலையேறி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வியாதியை உடம்பைவிட்டு அடியோடு ஓட்டும் மருந்து இன்னும் எல்லோருக்கும் கிடைக்கும்படி வரவில்லையென்றாலும், அது தலையெடுக்க முடியாமல் அமுக்கி வைக்கும் மருந்து இருக்கின்றது. சர்க்கார் அதை இனாமாகக் கொடுக்கின்றது. பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரு மாத்திரை போதும். அப்படியிருந்தும் வாங்கிய மாத்திரையை விழுங்காமலும், சில மாதம் விழுங்கிவிட்டுப் பிறகு மருந்து கொடுக்கும் மையத்தின் பக்கமே தலைகாட்டாமலும் போகிறவர்கள் இருக்கின்றார்கள் என்றால், அதற்குக் காரணம் என்ன என்பதே நாம் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

“ஜனங்கள் அறிவில்லாதவர்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள்” என்று படித்தவர்கள் சுலபமாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பதிலை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. சர்க்கரை வியாதிக்காரர் கல்யாணப் பந்தியில் நாலு பேர் பார்க்கவே மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். இரத்தக் கொதிப்புக்காரர் தமது மாத்திரையின் பேரைப் பக்கத்து இலைக்காரருக்கும் சிபாரிசு செய்கிறார். எச்.ஐ.வி. உள்ளவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு விழுங்க வேண்டியிருக்கிறதென்றால், இந்த வித்தியாசம் மாத்திரையில் இருக்கின்றதா, பார்க்கிறவர்கள் கண்ணில் இருக்கின்றதா என்று கேட்கின்றோம்.

இந்த நாட்டில் இக்கிருமி இருப்பது முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே நமது சென்னையில்தான். 1986-ஆம் வருஷத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலா அவர்களும், ஆக இரண்டு பெண்மக்கள் செய்த காரியம் அது. 2004 ஏப்ரல் 1-ந் தேதி முதல் சர்க்கார் இனாமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது. அப்போது ஆரம்பித்த எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும் ஒன்று. அந்தக் காலத்து மருந்துகளில் சில இரத்தத்தைக் குறைத்தன, சில முகத்துச் சதையை வற்றச் செய்தன, சில துர்ச்சொப்பனங்களைக் கொடுத்தன. அதற்குப் பயந்து நிறுத்தியவர்களைக் குற்றம் சொல்லுவதற்கில்லை. இப்போது கொடுக்கப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்ற மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரையில் அந்தத் தொல்லைகள் மிகவும் குறைவு. ஆகவே, மருந்தின் மேல் போட்டுவந்த பழியை இனியும் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

இம்மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கி, அப்படியே இருந்துவருமானால், அவரிடமிருந்து சேர்க்கையின் மூலம் மற்றவருக்கு வியாதி தொற்றுவதில்லை என்பது ஆயிரக்கணக்கான தம்பதிகளை வருஷக்கணக்காகக் கவனித்து முடிவுகட்டிய சங்கதி. தாய்க்கு இருந்தாலும், காலத்தில் மருந்து சாப்பிட்டால், பிள்ளைக்கு வராமல் அநேகமாகத் தடுத்துவிடலாம். ஆனால் வாரக்கணக்கில் விட்டுவிட்டுச் சாப்பிட்டாலோ, இரத்தத்தில் மருந்து குறைந்த சமயம் பார்த்துக் கிருமி பெருகி, அம்மருந்துக்கே அசையாத வித்தாக மாறக்கூடும். பிறகு வேறு மருந்து தேட வேண்டும்.

நிற்க, கழுகுமலையில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் ஒரு ஸ்திரீயை மனதில் வைத்துப் பார்ப்போம். புருஷன் வெளியூரில் பிழைத்து, வியாதியோடு வந்து, இறந்துபோனான். “மருமகள் காலெடுத்து வைத்த நேரம்” என்று மாமியார் சொல்லியாயிற்று. கொண்டுவந்தவன் அவன், பழி சுமப்பவள் இவள். புருஷனுக்கு ஒரு நியாயமும் பெண்சாதிக்கு ஒரு நியாயமும் சொல்லும் நம் ‘கற்பு’ சாஸ்திரத்தின் யோக்கியதை இது. பக்கத்திலுள்ள கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஜாதி ஜனம் யாராவது பார்த்துவிடுவார்கள். ஆகையால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுகிறாள். அன்றைய கூலி போயிற்று, பஸ் சத்தம் போயிற்று. மேஸ்திரியிடம் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பொய் சொல்ல வேண்டும். எத்தனை பொய்தான் கைவசமிருக்கும்? டப்பாவைக் குலுக்கினால் சத்தம் கேட்கும் என்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கம்புப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள்.

பங்குனி உத்திரம் வருகிறது. வீடு நிறைய விருந்தாள். பானைப் பக்கம் போக முடியவில்லை. போதாக்குறைக்கு விரதம் வேறு. நாலு நாள் மாத்திரை இல்லை. நாலு நாளும் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை! ‘இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்று மனது சொல்லுகிறது. அதோடு, தனியாகக் கிடக்கும் இராத்திரிகளில், ‘யாருக்காக இந்த உயிரைக் காப்பாற்ற வேண்டும்’ என்றும் அதே மனதுதான் சொல்லுகிறது. இதை அறிவீனம் என்று எந்தப் புத்திசாலி சொல்லுவான்? நாம் அந்த இடத்தில் இருந்தால் வேறு என்ன செய்திருப்போம்?

இதே கழுகுமலையில் தேர்வீதியில் யார் ஊர்வலம் போகலாம், யார் போகக் கூடாது என்று 1895-இல் கலகம் நடந்து உயிர்கள் போயின. இன்று அந்த வீதியில் எவரும் நடக்கலாம். ஆனால் ஒரு மாத்திரை டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு அதே வீதியில் நடக்க இந்தப் பெண்ணுக்குக் கால் நடுங்குகிறது.

இவ்வெட்கம் உயிரையும் வாங்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த இரத்தம் ஏற்றப்பட்டது நாடறிந்த விஷயம். இரத்தம் கொடுத்த இளைஞன், தனக்கு வியாதி இருப்பது தெரிந்தவுடன், தானே முன்வந்து அதிகாரிகளிடம் சொன்னான். யோக்கியன் செய்யக்கூடிய காரியம் அதுதான். உண்மை சொன்ன அந்த இளைஞன் அந்த மாத முடிவுக்குள் தற்கொலை செய்துகொண்டு மாண்டான். அவன் வியாதிக்கு இனாமாக மருந்து இருந்தது; அது அவனைப் பல்லாண்டு வாழ வைத்திருக்கும். ஊர் வாய்க்குத்தான் மருந்தில்லை. அந்தப் பெண்ணுக்கோ நாடே இரங்கிற்று. 2019 ஜனவரியில் அவளுக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று சோதனையில் தெரிந்தது, சந்தோஷம். ஆனால் இரங்கியவர்கள் சொன்ன வார்த்தை என்ன? “ஒரு பாவமும் அறியாதவள்” என்பதே. அப்படியானால் மற்றவர்களெல்லாம் பாவிகளா? கிருமி பாவ புண்ணியக் கணக்குப் பார்த்துக்கொண்டா இரத்தத்தில் நுழைகின்றது?

2003-ஆம் வருஷ வாக்கில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று நம் ஊர்ச் சுவர்களெல்லாம் கேட்டன. ஜனங்களை எச்சரிக்கும் நல்ல எண்ணத்தோடு செய்த பிரசாரந்தான். ஆனாலும் அதைப் பார்த்தவர்கள் சிரிக்கக் கற்றுக்கொண்டார்களே தவிர, வந்துவிட்ட புள்ளிராஜா மாத்திரை சாப்பிட்டானா என்று எவரும் கேட்கவில்லை. நம்மவர்களிலும் சிலர் எதிரியை வைவதற்கு மேடையில் ‘எய்ட்ஸ்’ என்ற வார்த்தையை உபயோகிக்கிறார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்ற நினைப்பே இல்லை.

இந்த வெட்கத்தை முதலாக வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் சங்கதி தனி. மறைவாக வரும் நோயாளிக்கு மறைவாகவே சூரணம் விற்கிறவன், வேலையில் முதலாவதாக “அந்த இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து” என்கிறான். இந்த வியாதியைக் குணப்படுத்துவதாக எந்த மருந்துக்காரரும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்துச் சட்ட விதிகளின் ‘ஜே’ அட்டவணையில் இருக்கின்றது. அப்பட்டியலில் முதல் வியாதியே எய்ட்ஸ்தான். மந்திரி வாயாலேயே இதைச் சொன்ன தேசமும் உண்டு. தென் ஆப்பிரிக்காவின் சுகாதார மந்திரி பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொன்னார். அந்தச் சர்க்காரும் மருந்து கொடுப்பதைத் தாமதித்தது. அதன் பலனாக 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டிருப்பார்கள் என்று ஹார்வர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் 2008-இல் கணக்கிட்டார்கள்.

விரத நாளில் ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரை விழுங்கினால் கோபித்துக்கொள்ளுகிற சாமி ஒன்று உண்டானால், அந்தச் சாமியை நாம் மதிக்க வேண்டிய அவசியம் என்ன? இந்த மாத்திரையைச் சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இரண்டையும் எப்படிப் பிரித்துச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் செய்து 2018 செப்டம்பர் 10-ந் தேதி அமுலுக்கு வந்த சட்டப்படி, எச்.ஐ.வி. உள்ளவரை அந்தக் காரணத்துக்காக வேலையைவிட்டு நீக்குவதும், பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ வாடகை வீட்டிலோ வேற்றுமை காட்டுவதும், அவர் சம்மதமின்றி விஷயத்தை வெளியிடுவதும் கூடாது. ஆனால் தீப்பெட்டி ஆபீசில் கூலி எண்ணிக் கொடுக்கிறவருக்கு இந்தச் சட்டம் தெரியுமா? தொழிற்சங்கத் தோழர்கள் இதைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு ஆபீஸ் வாசல்தோறும் ஒட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குக் காரணம் கேட்காமல் லீவு கொடுக்கவும், அன்றைய கூலியைப் பிடிக்காமலிருக்கவும் முதலாளிகளைக் கேட்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம்.

மருந்தை நிறுத்திவிட்டவர்கள் எத்தனை மாதமானாலும் திரும்பப் போகலாம். மறுபடியும் சோதித்து மருந்து கொடுப்பார்கள். நேரில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் 1097 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். காசு இல்லை. பெயரும் ஊரும் சொல்ல வேண்டியதில்லை.