இரத்தத்தில் ஊறியதா குற்றம்?

“அவனும் அப்பனைப் போலவே முரடன், இரத்தத்தில் ஊறியது!” அம்பாங் அடுக்குமாடிகளின் மின்தூக்கியிலும் சாப்பாட்டுக் கடையிலும் யாரேனும் ஒருவர் இப்படித் தீர்ப்புச் சொல்வதைக் கேட்கலாம். இந்தப் பேச்சே சட்டமானால் என்ன நேரும் என்பதைத் தமிழர் வரலாறு ஏற்கெனவே காட்டியிருக்கிறது.

பிரிட்டிஷ் இந்திய அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. சில சமூகத்தார் பிறவியிலேயே குற்றவாளிகள் என்பதே அதன் அடிப்படை. 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. பட்டியலில் இடம்பெற்ற சமூகத்து ஆண்கள், ஒரு குற்றமும் செய்யாதவர்கள்கூட, கைரேகை பதிய வேண்டும். பலர் இரவில் காவல் நிலையத்திற்கு வந்து படுக்க வேண்டியிருந்தது. அனுமதிச் சீட்டின்றி வெளியூர் செல்ல இயலாது. உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர்கள் சுட்டார்கள். மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் மாண்டனர். 1947இல்தான் அம்மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. டி.என்.ஏ.வின் வடிவம் கண்டறியப்பட்டதோ 1953இல்! மரபணு என்றால் என்னவென்றே சரிவர அறியாத காலத்தில், மரபின் பெயரால் தண்டித்திருக்கிறார்கள்.

இன்று ஆய்வு வளர்ந்துவிட்டது என்பர். உண்மைதான். எம்.ஏ.ஓ.ஏ. என்னும் மரபணுவின் ஒரு வகைக்கும் மூர்க்கத்திற்கும் தொடர்பிருக்கலாம் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும், நியூசிலாந்து ஆண்களைப் பற்றி 2002இல் வெளிவந்த ஆய்வு, அவ்வகை மரபணுவோடு சிறுவயதில் கொடுமையும் அனுபவித்தவர்களிடமே அப்போக்கு மிகுதி என்றது. 2009இல் இத்தாலிய நீதிமன்றம் ஒன்று, இம்மரபணுவையும் கருத்திற்கொண்டு கொலையாளி ஒருவரின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. இரக்கமாகத் தோன்றும் இத்தீர்ப்பு எனக்கு அச்சமூட்டுகிறது. ‘மரபணு அப்படி; தண்டனையைக் குறையுங்கள்’ என்று இன்று கேட்க முடிந்தால், ‘மரபணு அப்படி; வெளியே விடாதீர்கள்’ என்று நாளை வேறொருவர் கேட்பார்.

நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு டி.என்.ஏ. அடையாளச் சட்டம் இவ்வழியில் செல்லவில்லை. சம்பவ இடத்தில் கிடைத்த இரத்தத்துளி யாருடையது, பேரிடரில் இறந்தவர் யார், காணாமற்போனவர் யார் என அறியவே காவல்துறையின் தரவு வங்கி பயன்படுகிறது. ‘யார்’ என்ற வினாவுக்கு அது விடை தரும். ‘எப்படிப்பட்டவர்’ என்பதற்கு அன்று. இந்த எல்லைக்கோட்டைத் தளர்த்தும் திருத்தம் என்றேனும் நாடாளுமன்றத்திற்கு வந்தால், அம்பாங் உறுப்பினர் எக்கட்சியினராயினும் எதிர்த்தே வாக்களிக்க வேண்டும் என எதிர்பார்ப்பேன்.