நெசவாளி வீட்டுக் கணினி வாய் திறக்கட்டும்!

ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பகுதிகளில் பட்டு நெசவாளர் வீடுகளுக்குள் நுழைந்தால் தறிக்குழிக்கு மேலே, பரணில், சர்க்கார் கொடுத்த லேப்டாப் ஒன்று துணி சுற்றிக் கிடப்பதைக் காணலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்தது அது. மெஷின் செத்துவிடவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. ஆனாலும் அது பரணில் இருக்கிறது.

ஏன்? மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 இத்தகைய பழைய மெஷின்களை ஏற்பதில்லை. "புதிதாக வாங்கிக்கொள்" என்பதுதான் கம்பெனி சொல்லும் யோசனை.

புதிதாக வாங்க நெசவாளி எங்கே போவார்? மாஸ்டர் வீவரிடம்தான் போவார். முன்பணம் கேட்பார். ஏற்கெனவே உள்ள முன்பணத்தோடு இதுவும் சேரும். கடன் தீரும் வரை கூலி உயர்வு பற்றி வாய் திறக்க முடியாது. வேறு இடத்தில் பாவு வாங்கவும் முடியாது. ஆகவே தோழர்களே, லேப்டாப் விவகாரம் படித்த வாலிபர்களின் பொழுதுபோக்கு விவகாரம் என்று யாரும் ஒதுக்கித் தள்ள வேண்டாம். இது கூலியோடும் கடனோடும் பின்னிக்கிடக்கும் விவகாரம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பழைய மெஷினில் ஏற்றினால் அது மீண்டும் ஓடும். காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் எடுக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்குப் படி எடுத்தும் கொடுக்கலாம். நமது வாலிபர்கள் சிலர் இதைச் செய்தும் வருகிறார்கள். பாராட்டுகிறோம்.

ஆனால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? லினக்ஸ் ஏற்றிய அன்று மாலையே வீட்டார் பென்டிரைவைச் செருகிப் பாட்டுப் போடுகிறார்கள். பாட்டு வருவதில்லை. மகள் கல்யாண வீடியோவைப் போடுகிறார்கள். சத்தம் வருகிறது, படம் வருவதில்லை. "இதற்குத் தேவையான கோடெக் இல்லை" என்று ஒரு வாசகம் மட்டும் வருகிறது. "பாட்டுக்கூடப் பாடாத பெட்டி நமக்கு எதற்கு?" என்று வீட்டிலுள்ள பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். மறுநாள் லேப்டாப் கடைக்குப் போகிறது. லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் ஏறுகிறது. மூன்று மாதத்தில் வைரஸ் புகுந்து மறுபடியும் பரணுக்குப் போகிறது.

பெரியவர் தீர்ப்பில் தவறில்லை என்பது நமது அபிப்பிராயம். பாடாத பெட்டி உழைப்பாளி வீட்டில் நிற்காது. தவறு வேறிடத்தில் இருக்கிறது.

பாடாததன் காரணம் என்ன?

பாட்டும் படமும் கணினிக்குள் விரித்தபடி இருப்பதில்லை. நெய்து முடித்த புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பதுபோல, இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சுருக்கி மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மடித்த விதம் தெரிந்த மென்பொருள்தான் அதைப் பிரித்துக் காட்ட முடியும். மடிக்கவும் பிரிக்கவும் தெரிந்த இந்த மென்பொருளுக்குத்தான் கோடெக் என்று பெயர்.

கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த மடிப்பைப் பிரிக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பிரான்சில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலையிலிருந்துதான் விஎல்சி பிறந்தது. 2001-ல் அது கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. இன்று உலகெங்கும் படம் காட்டும் மென்பொருள் அது. அதற்குள் பாடுபடும் எஃப்எஃப்எம்பெக் 2000-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அறிவு இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது. குறுக்கே நிற்பது பேட்டண்ட் என்னும் சுங்கச்சாவடி!

எம்பி3 என்னும் மடிப்பு முறைக்கு ஜெர்மனியின் ஃபிரான்ஹோபர் ஸ்தாபனம் 2017 ஏப்ரல் வரை லைசென்ஸ் கட்டணம் வசூலித்து வந்தது. பேட்டண்டுகளின் ஆயுள் முடிந்த பிறகுதான் வசூல் நின்றது. அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட ஃபெடோரா லினக்ஸ் பல ஆண்டுகள் எம்பி3 பாட்டை இசைக்காமலே வெளிவந்தது. 2016 நவம்பரில் வந்த 25-வது பதிப்பில்தான் அதற்கு வாய் திறந்தது. இன்று பெரும்பாலான கைப்பேசிகள் வீடியோ எடுக்கும் எச்.264, எச்.இ.வி.சி. முறைகளுக்குப் பின்னாலும் இதேபோல் பேட்டண்ட் கூட்டணிகள் நிற்கின்றன. இவற்றைப் பிரித்துக் காட்டுவதில் மெஷினின் வீடியோ சிப் தரும் உதவியைக்கூட, வழக்குக்கு அஞ்சி 2022-ல் ஃபெடோரா தன் மூலக் களஞ்சியத்திலிருந்து விலக்க நேர்ந்தது.

"விண்டோசில் எல்லாம் தானாகப் பாடுகிறதே!" என்று கேட்கலாம். சுங்கம் அங்கே விலைக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். லாபக் கணக்கு ஒத்துவராத இடத்தில் கம்பெனியும் கைவிரித்துவிடும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது டிவிடி படம் காட்டும் வசதியை அதிலிருந்து எடுத்துவிட்டார்களே, நினைவிருக்கிறதா?

இந்தச் சுங்கம் அயல்நாட்டு விஷயம் என்றும் எண்ண வேண்டாம். டிவிடி படத்தைப் பிரித்துக் காட்டும் முறைக்கான பேட்டண்டை வைத்துப் பிலிப்ஸ் கம்பெனி, இந்தியாவில் டிவிடி பிளேயர் பூட்டி விற்ற சிறு உற்பத்தியாளர்கள் மீது டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. 2018 ஜூலையில் கோர்ட் அளித்த தீர்ப்பின்படி, பிளேயர் ஒன்றுக்கு 2010 மே வரை 3.175 டாலரும், அதன்பின் 2015 பிப்ரவரி வரை 1.90 டாலரும் ராயல்டி என்று அப்போது நிர்ணயிக்கப்பட்டது. அந்தப் பணம் யார் பையிலிருந்து போகும்? டிவிடி வாங்கிப் படம் பார்த்த ஏழை வீட்டுப் பையிலிருந்துதான்!

தறி சொல்லும் பாடம்

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு நமது நெசவாளர் கைக்கடியிலேயே இருக்கிறது. தறிக்கு மேலே ஏறி நிற்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். ஓட்டை குத்திய அட்டை எந்தப் பாவு இழை எழ வேண்டும், எது தங்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கணினி புரோகிராமுக்கு மூதாதை அதுதான். பிரான்சின் லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் உருவாக்கிய சாதனம் அது. 1806-ல் பிரெஞ்சு சர்க்கார் அதைப் பொதுச் சொத்து என்று அறிவித்தது. கண்டுபிடித்தவரைப் பட்டினி போடவில்லை. அவருக்குப் பென்ஷனும், மெஷின் ஒன்றுக்கு இவ்வளவு என்று சன்மானமும் கொடுத்தது. உழைத்தவருக்குச் சன்மானம், உலகத்துக்குச் சாதனம்!

பொதுச் சொத்தானதோடு எல்லாம் முடிந்ததா? இல்லை. அதே லியோன் பட்டு நெசவாளர்கள் கூலிக்காக 1831-லும் 1834-லும் கிளர்ந்தெழுந்தார்கள். சாதனம் பொதுவாக இருந்தால் மட்டும் சுரண்டல் ஒழியாது. ஆனால் சாதனமும் ஏகபோகத்தின் கையில் சிக்கினால் சுரண்டலுக்கு இரண்டு கைகள் முளைக்கும்.

இந்தியாவில் அந்த இரண்டாவது கையை ஒருமுறை தடுத்தது ஜனநாயக சக்திகளின் போராட்டம். 2004 டிசம்பரில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த பேட்டண்ட் அவசரச் சட்டம், கணினி மென்பொருளுக்கும் பேட்டண்ட் கொடுக்கக் கதவைத் திறந்தது. இடதுசாரிக் கட்சிகளும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் எதிர்த்தார்கள். 2005-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த வாசகம் இல்லை. கணினிப் புரோகிராமுக்கு, அது புரோகிராம் என்ற அளவில், பேட்டண்ட் கிடையாது என்னும் 3(கே) பிரிவு பழையபடி நின்றது. இது சிறிய வெற்றி அல்ல. கட்டிக் காக்க வேண்டிய வெற்றி.

அரைமணி நேர வேலை

சரி, பெட்டியைப் பாட வைப்பது எப்படி? இன்ஜினியர் தேவையில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற ஊழியரும் செய்யலாம். இணையத் தொடர்பும் அரைமணி நேரமும் போதும்.

உபுண்டு ஏற்றுகிறவர்கள், ஏற்றும்போதே கூடுதல் மீடியா வடிவங்களுக்கான ஆதரவு வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் குறி போட வேண்டும். அவசரத்தில் பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். தாண்டிவிட்டால் 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்னும் தொகுப்பைப் பிறகு நிறுவிக்கொள்ளலாம். நிறுவும்போது நடுவில் எழுத்துருக்களுக்கான ஒரு லைசென்ஸ் பக்கம் வந்து நிற்கும். மவுஸ் அங்கே வேலை செய்யாது. டேப் விசையால் 'ஓகே'க்கு நகர்ந்து என்டர் தட்ட வேண்டும். மெஷின் நின்றுவிட்டது என்று அங்கே அணைத்துவிடக் கூடாது. லினக்ஸ் மிண்ட் என்றால் மெனுவிலேயே மல்டிமீடியா கோடெக்குகளை நிறுவும் கட்டளை இருக்கிறது. ஃபெடோராவுக்கு 'ஆர்பிஎம் ஃப்யூஷன்' என்னும் துணைக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். நமது நாட்டின் சி-டாக் ஸ்தாபனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் வழிவந்தது. டெபியன் களஞ்சியத்தில் உள்ள விஎல்சியை நிறுவினாலே பெரும்பாலான பாட்டும் படமும் ஓடும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று: "இலவச கோடெக்" என்று ஆசை காட்டும் இணையப் பக்கங்களிலிருந்து எதையும் இறக்க வேண்டாம், களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுங்கள். இரண்டு: பழைய மெஷினில் இணைய வீடியோ திக்கினால் லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள். படத்தின் தரத்தை 480-க்குக் குறையுங்கள். திணறல் பெரும்பாலும் அடங்கும்.

வேலை முடிந்ததும் வீட்டாரை உட்காரவைத்து, அவர்கள் பென்டிரைவையே செருகி, அவர்கள் பாட்டையே ஓடவிட்டுக் காட்ட வேண்டும். அதன்பிறகுதான் ஊழியர் அந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

"சினிமாப் பாட்டுப் போடவா கட்சி ஊழியர் வீடு வீடாகப் போக வேண்டும்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் தறியில் கால் மிதிக்கும் மனிதன் பாட்டுக் கேட்பதில் என்ன குற்றம்? மேலும் வீடியோ என்றால் சினிமா மட்டுமா? 2020-ல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் லேப்டாப்பில் பாட வீடியோக்களை ஏற்றிக்கொடுக்க ராஜ்ய சர்க்கார் ஏற்பாடு செய்தது. அன்று படம் ஓடாத லேப்டாப் என்றால் பாடமே இல்லாத பிள்ளை என்று பொருள்.

இன்னொரு பக்கம், "பேட்டண்ட் கறை படிந்த வடிவங்களைத் தொடவே கூடாது; வோர்பிஸ், ஓபஸ், ஏவி1 போன்ற கட்டற்ற வடிவங்களை மட்டும் பயன்படுத்த வேண்டும்" என்று கூறும் நண்பர்கள். அவர்கள் லட்சியம் உயர்ந்தது. நாமும் அந்தத் திசையில்தான் போக வேண்டும். ஆனால் மகள் கல்யாண வீடியோ ஏற்கெனவே எச்.264-ல் இருக்கிறதே! அதைக் காட்ட மறுத்துவிட்டு லட்சியம் பேசினால் கேட்க ஆள் இருக்காது. மக்கள் நிற்கும் இடத்திலிருந்து நடக்கத் தொடங்குவதுதான் இயக்கம்.

கேரளத்தைப் பாருங்கள். பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை வேரூன்றச் செய்த அந்த ராஜ்யம், பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துத் தன் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்து 2019-ல் வெளியிட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்காக என்று அறிவிக்கப்பட்டது. வாங்கிப் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் இலவச லேப்டாப்பில் விண்டோசோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் அதைப் பாட வைக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே?

நமது கோரிக்கைகள்

ஒன்று: சர்க்கார் கொடுக்கும் எந்த லேப்டாப்பிலும் லினக்ஸ் பகுதி முதல் நாளே பாட்டும் படமும் ஓடும் நிலையில் தரப்பட வேண்டும்.

இரண்டு: பொதுப் பணத்தில் தயாராகும் பாட வீடியோக்களும் நெசவுப் பயிற்சி வீடியோக்களும் கட்டற்ற வடிவத்திலும் வெளியிடப்பட வேண்டும்.

மூன்று: 3(கே) பிரிவில் மத்திய சர்க்கார் கைவைக்கக் கூடாது.

நான்கு: 2022-ல் விஎல்சியின் இணையப் பக்கம் காரணம் சொல்லப்படாமல் பல மாதங்கள் முடக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்த பின் நவம்பரில் திறக்கப்பட்டது போன்ற செயல் மீண்டும் நடக்கக் கூடாது. தடை என்றால் காரணம் பகிரங்கமாகச் சொல்லப்பட வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு வாலிபர்கள் இந்த வேலையைக் கற்கட்டும். ஞாயிறுதோறும் நெசவாளர் தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். பரணில் கிடக்கும் ஒவ்வொரு லேப்டாப்பும் இறங்கட்டும். கடன் வாங்காமல், கம்பெனியிடம் கை ஏந்தாமல், ஏழை வீட்டுப் பெட்டி பாடட்டும்!